வலைக்கு மேலே வளர்ந்த புல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, கொல்லைப்புறத்துக் கோழிகள் எல்லோரும் சௌக்கியம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோழிகளின் சௌக்கியத்தையும் சேர்த்து எழுதுகிறாரே, அப்பாவுக்குத் தலைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துவிடாதே. காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம். வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுகிறேன், அம்மாவை இனிமேல் நான்தான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று போனில் சொன்னாயே, அதைச் செய்யாதே. நீ வரைந்த பாலம் பாதி ஆற்றில் நிற்கிறது, மீதிப் பாதியை யாரோ கட்டட்டும் என்று விட்டுவிட்டு வர இங்கே எந்த அவசியமும் இல்லை. ஏன் இல்லை என்பது கோழிக்குப் புல் போட்ட கதையில் இருக்கிறது. போனில் சொன்னால் நீ நடுநடுவே சரிப்பா சரிப்பா என்று கத்தரித்துவிடுவாய், அதனால்தான் கடைக்கு இன்று கதவைச் சாத்திவிட்டு, தையல் மேஜையில் துணியை ஒதுக்கி வைத்து, பேனாவை எடுத்தேன். தபால்காரியின் மகளுக்குக் கடிதம் படிக்கப் பொறுமை இல்லாமலா போய்விடும்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்புக்குத் தகடு வைத்ததுவரை உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் இருந்தாய். நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததை நான் முழுசாகச் சொல்லவில்லை. எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் கால் கால் மாதிரி இருக்கும், உட்கார்ந்தே இருந்தால் மரத்துப்போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரம் தவறாமல் பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் அந்தப் பெண்ணும் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். உன் அம்மா அசையவில்லை. வாழ்நாள் முழுக்க வெயில் மழை பார்க்காமல் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்தவள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் நான் பிடித்துக்கொண்டு போனால்தான் வருவேன் என்று ஆகிவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். பின்னே என்ன என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். காலையில் ஒரே ஒரு தடவை மட்டும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறக் கதவுவரை வந்து அதன் ஓரத்திலிருந்த கோழிக்கூண்டைத் திறந்துவிடுவாள். அந்தக் கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து ஏதாவது இரண்டு வார்த்தை திட்டுவாள். அவள் நடந்தது அவ்வளவுதான், பேசியதும் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்.

அதற்கும் ஆபத்து வந்தது. நம் மதிலுக்கு அந்தப் பக்கம் கணக்கு சார் குடிவந்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர்தான், ஆனால் ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குக் கீரைப் பாத்திதான் வகுப்பறை. ஒவ்வொரு செடியும் வரிசை பிசகாமல் நிற்கும். நம் கோழிகள் மதிலேறிக் குதித்து ஒரே காலையில் அந்த வகுப்பையே கலைத்துவிட்டன. முளைத்த கீரை, முள்ளங்கி, ஒன்று பாக்கியில்லை. மனிதர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. பிடுங்கிப் போட்ட செடிகளை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் வைத்து, "உங்க கோழி உங்க பக்கம் இருக்கட்டும், என் கீரை என் பக்கம் இருக்கட்டும், இதுக்கு மேல நான் எதுவும் கேக்கல" என்றார். நியாயமான பேச்சு. நானும் ஆள் வைத்துக் கம்பி வலை வாங்கி, மேலேயும் மூடி, கொல்லைப்புறத்தில் ஒரு அடைப்பு கட்டி, கோழிகளை உள்ளே விட்டுவிட்டேன்.

உள்ளே விட்ட கொஞ்ச நாளிலேயே அடைப்புக்குள் பச்சை என்று பெயருக்குக்கூட ஒன்றில்லை. புல்லையெல்லாம் வேரோடு கிளறித் தின்று தரையை மொட்டையடித்துவிட்டன. அப்புறம் செய்ய வேலை இல்லாமல் ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ள ஆரம்பித்தன. நம் கறுப்புக் கோழி கறுப்பியின் முதுகில் இறகே இல்லை, பார்க்கவே பாவமாக இருந்தது. முட்டையும் குறைந்துபோனது, இடுகிற ஒன்றிரண்டை உடைத்தால் மஞ்சள் கரு வெளுத்து, மஞ்சள் என்று சொல்ல மனசு வராது. கூண்டைத் திறந்துவிடும் வேலையும் இல்லாமல் போனதால் உன் அம்மா கதவுவரை வருவதையும் நிறுத்திவிட்டாள். எதுக்குங்க அங்க போய் நிக்கணும், அதுங்களும் என்னை மாதிரியே அடைஞ்சு கிடக்குதுங்க என்று ஒரு நாள் சொன்னாள். எனக்குத் துணி வெட்டவே ஓடவில்லை. அந்த வாரம்தான் நீ போன் பண்ணினாய். நானும் வாயை அடக்காமல் பாதிக் கதையைக் கொட்டிவிட்டேன். நீ கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாய், வேலையை விடுகிறேன் என்றாய். போனை வைத்த பிறகு, இரண்டில் ஒன்றையும் நடக்க விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

வெளியே விடமுடியாது என்றால் வெளியில் இருப்பதை உள்ளே கொண்டுவருவது, இதுதான் என் திட்டம். விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் ஆளிடம் சொல்லி ஒரு மூட்டை வாங்கி வந்தேன். அதை அன்றே போடாமல் மூலையில் குவித்து வைத்தேன், மறுநாள் கையை விட்டால் உள்ளே இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது, புளித்த வாடை வேறு. கோழிகள் மோந்துகூடப் பார்க்கவில்லை. சரி, புதிதாக அறுத்துப் போடுவோம் என்று வாய்க்கால் ஓரம் போய் நல்ல உயரமான புல்லாகப் பார்த்து அறுத்தேன். கணக்கு சார் மதில் மேலாக எட்டிப் பார்த்து, ரோட்டோரப் புல்லைத் தொடாதீங்க, களைக்கு மருந்து அடிச்சிருக்காங்க என்று எச்சரித்தார், அந்த மட்டும் புண்ணியம். தையல்காரன் புத்தி உனக்குத் தெரியுமே, எதையும் வீணாக்கக் கூடாது, நீளத்தைக் குறைக்கக் கூடாது. முழத்துக்கு முழம் புல்லை அப்படியே கத்தை கட்டி, சேலை அடுக்குவது மாதிரி அடுக்கி உள்ளே போட்டேன். கோழிகள் பாய்ந்த பாய்ச்சலைப் பார்க்க வேண்டுமே. எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய் உன் அம்மாவின் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, பார், உன் பிள்ளைகளுக்கு விருந்து வைத்திருக்கிறேன் என்று பெருமை பேசிவிட்டு முன்கட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன்.

மெஷின் சத்தத்தில் அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. நம்மிடம் ஒரு செம்பட்டைக் கோழி இருக்கிறது, எதற்கும் முதல் ஆளாக ஓடுவதால் அவசரக்காரி என்று உன் அம்மா பேர் வைத்தது. அது புல்லைக் கிள்ளித் தின்னாமல் முழு நீளத்தையும் அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கழுத்தை முறுக்கி முறுக்கி, வாயைத் திறந்து திறந்து மூடி, மூலையில் போய் ஒடுங்கி நின்றுவிட்டது. ஜன்னல் வழியாக இதைப் பார்த்தது உன் அம்மா மட்டும்தான். எனக்குக் கேட்டதெல்லாம் கொல்லைப்புறக் கதவு டமார் என்று திறந்த சத்தம். யார் திறந்தது என்று எழுந்து ஓடினேன். நாற்காலி காலி. ஊன்றுகோல் சுவரோரம் சாய்த்தது சாய்த்தபடி இருக்கிறது. எங்கேயோ விழுந்து கிடக்கிறாள் என்றுதான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் அடைப்புக்குள்ளே நிற்கிறாள் அம்மாடி. படி இறங்கி, முற்றம் கடந்து, வலைக்கதவைத் திறந்து, குனிந்து உள்ளே போய், கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும், "உங்களுக்குக் கண்ணு எங்க இருக்கு? அது புல்லு தின்னலங்க, கயிறு முழுங்குது" என்று போட்டாள் பார் ஒரு சத்தம். விழுந்ததிலிருந்து அவள் குரல் அந்த உயரத்துக்குப் போனதே இல்லை. திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. நீ எப்படி நடந்து வந்தாய் என்று கேட்க வாயெடுத்தேன், நல்லவேளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நினைவு வந்து உட்கார்ந்திருப்பாள்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டோம். கழுத்துக்குக் கீழே தீனிப்பையில் புல் பந்தாகச் சுருண்டு அடைத்திருக்கும், இன்றைக்குத் தீனி காட்டாதீர்கள், தண்ணீர் கொடுத்து மெதுவாக நீவிவிடுங்கள், காலையிலும் கெட்டியாகவே இருந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். உன் அம்மா சமையலறை முக்காலியைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, கோழியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை நீவினாள். நான் எடுபிடி. தண்ணீர் கொண்டா என்றால் தண்ணீர், துணி கொண்டா என்றால் துணி. நீவிக்கொண்டே யோசித்திருக்கிறாள். வேர் பிடித்த புல்லென்றால் கோழி இழுக்கும்போது அது எதிர்த்து இழுக்கும், நுனி மட்டும் கிள்ளிக்கொண்டு வரும். அறுத்துப் போட்ட புல்லுக்குப் பிடிமானம் கிடையாது, இழுத்தால் முழுசும் வாய்க்குள் போகும். இதுதான் நடந்தது என்று சொன்னாள். கேட்டபோது இது நமக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. காலையில் கண் விழித்தால் கட்டிலில் ஆள் இல்லை. எனக்கு முன்னால் எழுந்து போய்க் கோழியின் கழுத்தடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். பை காலியாகித் தொளதொளவென்று இருக்கிறதாம். ஜன்னல் வழியாக எனக்குச் சேதி சொன்னபோது பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது முகம்.

அதற்கப்புறம் கொல்லைப்புறத்து நிர்வாகம் முழுக்க அவள் கைக்குப் போய்விட்டது. புல்லோ கீரையோ எதுவானாலும் சுண்டுவிரல் நக அளவு நறுக்கித்தான் போட வேண்டும். நறுக்க அரிவாள்மனை சரிப்படாது என்று என் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். காகிதம் வெட்டக்கூட நான் யார் கையிலும் கொடுக்காத கத்தரிக்கோல், நீ சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு நான் போட்ட கூச்சலை நீ இன்னும் சொல்லிக் காட்டுகிறாய். அதில் என் கண் முன்னாலேயே சரக் சரக் என்று புல்லை வெட்டினாள். வெட்டட்டும் என்று விட்டுவிட்டேன். முட்டைக்கோஸ் என்றால் நறுக்கக்கூட வேண்டாம், முழுசாகக் கயிற்றில் கட்டி உயரத்தில் தொங்கவிட வேண்டுமாம். கட்டித் தொங்குவதால் அதற்கும் பிடிமானம் இருக்கிறது, கொத்திக் கிழித்துத்தான் தின்ன முடியும். ஐந்து கோழியும் எம்பி எம்பிக் குதித்துக் கொத்துவதைப் பார்த்தால் சிரிப்பு அடக்க முடியாது. அதற்கே நேரம் சரியாக இருப்பதால் ஒன்றை ஒன்று கொத்துவதும் நின்றுபோனது.

இருந்தாலும் வேர் பிடித்த புல்லே உள்ளே வளர்ந்தால் அதற்கு ஈடு உண்டா என்று அவளுக்கு ஒரு ஆசை. நான் ஒரு யோசனை சொன்னேன். தானியத்தை ஊறவைத்து அடைப்புக்குள் விதைத்து, அதன் மேல் சட்டம் கட்டிய கம்பி வலையைப் போட்டுவிட்டால் கோழி கிளற முடியாது, வலைக்கு மேலே வரும் நுனியை மட்டும் தின்னும், வேர் பிழைக்கும். அம்மா முதல் தடவையாக என்னை மரியாதையாகப் பார்த்தாள். உற்சாகத்தில் இஞ்ச் டேப்பை எடுத்து, அளந்து, பலகை அறுத்து, ஆணி அடித்து, மூலை மூலைக்குச் சரியாகப் பொருத்தி, தரையோடு தரையாக அழுந்தப் பதித்தேன். துளி இடைவெளி கிடையாது, அவ்வளவு கச்சிதம். முளை வந்தது. வந்த அன்றே அவசரக்காரி வலை மேல் ஏறி நின்றுகொண்டு முளையை அடிவரை சுரண்டித் தின்றுவிட்டது. நான் திருதிருவென்று நின்றேன். உன் அம்மா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "சட்டை தைச்சா உள்பக்கம் மடிக்கத் துணி விடுவீங்கல்ல? இந்தப் புல்லுக்கு எங்க விட்டீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் துணி வெட்டியவன், மடிப்புக்கு விடாமல் ஒரு தோட்டத்தை வெட்டியிருக்கிறேன். பயிற்சி சொல்லித்தர வந்த பெண் அன்றைக்குப் பார்த்து அங்கேதான் நின்றாள், அவள் முன்னாலேயே இந்தக் கேள்வி. அந்தப் பெண் சிரித்ததைவிட, உன் அம்மா இடுப்பில் கை வைத்து எதையும் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்துத்தான் அதிகம் பூரித்தாள். இவங்களுக்கு இனிமே நான் எதுக்கு என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

மறுபடியும் செய்தேன். இந்தத் தடவை நான்கு விரல் உயரத்துக்குச் சட்டம் வைத்து அதற்கு மேல் வலை. உன் அம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை, ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு கருத்து. விதைத்துவிட்டுக் கோழிகளுக்கு முன்னால் நாங்கள் இருவரும்தான் தினமும் போய்ப் பார்த்தோம். ஒரு காலையில் வலையின் கண்களுக்கு மேலே பச்சை எட்டிப் பார்த்தது. கோழிகள் வலை மேல் ஏறின, கொத்தின, நுனி மட்டும் வந்தது. கிளறிப் பார்த்தன, ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் பார்த்தால் தின்ற இடத்தில் மறுபடி வளர்ந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் மகளே. இப்போது அடைப்புக்குள் இப்படி இரண்டு பாத்தி. ஒன்றைத் தின்றுகொண்டிருக்கும்போது இன்னொன்றைச் சாக்கு போட்டு மூடி வளரவிடுகிறோம். கறுப்பியின் முதுகில் புது இறகு வந்துவிட்டது. முட்டையை உடைத்தால் கரு நல்ல ஆரஞ்சு நிறம், கிண்ணத்தில் நிமிர்ந்து உட்காருகிறது. அதில் கொஞ்சம் கணக்கு சாருக்குக் கொடுக்கப் போனவள் உன் அம்மாதான். கீரை போனதிலிருந்து அவர் எங்களிடம் ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. இப்போது தினமும் அவர் பாத்தியில் பிடுங்கிய களையை, மருந்து அடிக்காதது என்று சத்தியம் செய்து, மதில் மேலாகக் கொடுக்கிறார். இவள் அதை வாங்கி, இது நீளம், இது முற்றல், இதைக் கோழி தொடாது என்று அவருக்கே பாடம் எடுக்கிறாள். மனிதர் பின்பெஞ்சுப் பையன் மாதிரி தலையாட்டுகிறார்.

உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். போன தடவை அனுப்பிய போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது. வேலை செய்யும் இடத்தில் நின்றுகொண்டே சாப்பிடாதே. நீயும் கொஞ்சம் கீரை காய் என்று பச்சையாக ஏதாவது சேர்த்துக்கொள், ரொட்டியும் டீயும் மட்டும் தின்றால் வெளுத்துத்தான் போவாய், இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். நீ அளவு அனுப்பிய குளிர்கோட்டு தைத்து முடித்துவிட்டேன். அந்த அளவில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் ஓரங்களில் தாராளமாகத் துணி விட்டிருக்கிறேன், உடம்பு தேறியதும் பிரித்துக்கொள்ளலாம். மேலதிகாரியிடம் வேலையை விடுவதைப் பற்றி ஏற்கெனவே வாய் விட்டிருந்தால், வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாளைக்கே போய்ச் சொல். கூச்சப்படாதே.

இவ்வளவு நீளக் கடிதத்தை அப்பா எப்படி நிம்மதியாக எழுதினார், அம்மா தோள் மேலாக எட்டிப் பார்த்து இதை அடி அதை எழுது என்று சொல்லவில்லையா என்று நீ யோசித்திருப்பாய். சொல்ல அவள் வீட்டில் இல்லை அம்மாடி. தெருமுனைக் காய்கறிக் கடையில் காலிபிளவர் இலை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்க போனா அழுகினதையும் சேர்த்து அள்ளிட்டு வருவீங்க, நானே போறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அதை வாங்கி கேட்டில் மாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினாள். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் வேகம் பழைய வேகம்தான். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் வெளியே வந்து அவளை நிறுத்திப் பேசினார்கள். எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டு நடந்தாள். முனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அவள் விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நான் தனியாக இருந்ததே இல்லை. முதலில் என்ன செய்வதென்றே தெரியவில்லை, பிறகு உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

நீ எடுத்த வேலை நீ நினைத்தபடி முடியட்டும், உன் பாலத்தின் மேல் போகிறவர்கள் எல்லோரும் பத்திரமாக அக்கரை சேரட்டும், நீ தீர்க்காயுசாக, யாருக்கும் தலை குனியாமல் இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம். கோட்டுப் பொட்டலம் வந்து சேர்ந்ததும் மறக்காமல் இரண்டு வரி போடு. வேலை முடிந்து லீவு கிடைக்கும்போது வா. யாரையும் தூக்கிப் பிடிக்க வர வேண்டாம், சும்மா எங்களைப் பார்க்க வா.

கடைக்குப் போனவள் இன்னும் வரவில்லை. மெதுவாக வரட்டும்.

இப்படிக்கு,
இந்த நேரம் வீட்டில் தன்னந்தனியாக இருக்கும்
உன் அப்பா